தூம்பும் குமிழியும்

தூம்பு என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் நாம் இன்று அதிகம் கேட்பதில்லை. ஏரிப்பாசனம் இன்னும் உயிரோடிருக்கும் ஊர்களில் மட்டும் அது எஞ்சியிருக்கிறது. பழந்தமிழில் உள்ளே துளையுள்ள எதுவும் தூம்புதான். ஆம்பலின் தண்டு, யானையின் துதிக்கை, ஊதும் கருவி, ஏரி நீரை வயலுக்கு விடும் மதகு என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

இக்கட்டுரையும் ஒரு தூம்பைப் பற்றியதே. எரிபொருள் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குச் செல்லும், சுண்டுவிரல் பருமனே உள்ள ரப்பர் குழாய் அது. கடற்கரையில் அதற்கு 'டீசல் ஓஸ்' என்று பெயர். இருசக்கர வண்டிப் பட்டறையில் 'பெட்ரோல் டியூப்'. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு. படித்து முடித்த பின் கேட்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

'எங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் சோழமண்டலக் கரையில் ஒரு மீனவர் குடியிருப்பில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் கடலுக்குப் போனார். தம்பி தமிழில் முதுகலை முடித்து, கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறார். எழுதும் கை தம்பியுடையது. இதில் சொல்லப்படும் அறிவில் பெரும்பகுதி அண்ணனுடையது. 'நான்' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எங்கள் அப்பாவின் கட்டுமரத்தில் எரிபொருளுக்கென்று ஒரு பொருளும் இருந்ததில்லை. மரம், கயிறு, பாய், துடுப்பு, அவ்வளவுதான். காற்று விழுந்துவிட்டால் துடுப்புப் போட்டுக் கரை சேர்வார்கள். அதற்கேற்ற தொலைவுதான் போவார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின், பின்னால் வால்போல நீண்ட தண்டு, தண்டின் முனையில் விசிறி. தொலைவு கூடியது, மீனும் கூடியது. அதுவரை காற்றையும் கையையும் நம்பியிருந்த நான்கு உயிர்கள், அன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் ரப்பரை நம்பத் தொடங்கின. அந்த மாற்றத்தை அன்று யாரும் அப்படிச் சொல்லிப் பார்க்கவில்லை.

இக்குழாயின் பாதை எளியது. தொட்டி, அதிலிருந்து குழாய், நீரைப் பிரிக்கும் கிண்ணம், உறிஞ்சும் பம்பு, வடிகட்டி, அதன்பின் உயரழுத்தப் பம்பு, கடைசியாக இன்ஜெக்டர். மிஞ்சிய டீசல் வேறொரு மெல்லிய குழாய் வழியே தொட்டிக்கே திரும்பும். எங்கள் படகில் தொட்டி தரையில் இருக்கிறது. இன்ஜின் அதற்கு மேலே. ஆகவே பம்பு டீசலை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

இந்த 'உறிஞ்சித்தான்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பம்புக்குப் பின்னுள்ள குழாயில் அழுத்தம் அதிகம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியும். கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். பம்புக்கு முன்னுள்ள குழாயில் இன்ஜின் ஓடும்போது அழுத்தம் குறைவு. அங்கே விரிசல் விழுந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது. துடைத்துப் பார்த்தால் துணி சுத்தமாகவே இருக்கும். குழாய் கசியவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர் பாதிக் குழாயை மட்டுமே பார்த்தவர் ஆகிறார்.

உள்ளே போகும் காற்று ஒரு சிறு குமிழிதான். அது ஏன் இன்ஜினை நிறுத்த வேண்டும்? டீசல் அழுத்தினால் சுருங்காது என்றே சொல்லலாம், காற்று சுருங்கும். இத்தகைய இன்ஜினில் இன்ஜெக்டர் திறப்பதற்கே சுமார் 200 பார் அழுத்தம் தேவை. வண்டிச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. உயரழுத்தப் பம்பு ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவு டீசலைத்தான் தள்ளுகிறது. அந்த இடத்தில் குமிழி ஒன்று உட்கார்ந்துவிட்டால், பம்பின் வலிமையெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். இன்ஜெக்டர் திறக்காது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோகும். கரையில் இதை 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள். பேய் பிடிப்பது, சளி பிடிப்பது போன்ற வழக்குத்தான். உள்ளே வரக்கூடாத ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது என்ற பொருள் அதில் துல்லியமாக இருக்கிறது.

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அண்ணனின் படகுக்கு இது நேர்ந்தது. கரையிலிருந்து ஒன்பது கடல் மைல். படகில் அவரோடு சேர்த்து நான்கு பேர். வலையை வாங்கி முடித்து, கரைக்குத் திரும்ப இன்ஜினை எடுத்தார்கள். பத்து நிமிடம் ஓடி நின்றது. வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழியின்றித் தெளிந்து வந்த பிறகு, அழுத்திய கையை எடுக்காமல் திருகை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்டர் நட்டிலும் அவ்வாறே. அண்ணன் செய்தார். மறுபடியும் பத்து நிமிடம் ஓடி நின்றது. மூன்றாம் முறை எட்டு நிமிடம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, காற்று மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. கைபேசிக்கு அலைவரிசை எட்டாத தொலைவு.

காற்றை எடுக்க எடுக்க மறுபடி வருகிறதென்றால், வரும் வழி திறந்தே இருக்கிறது என்று பொருள். அண்ணன் இன்ஜினை விட்டுவிட்டுக் குழாயைத் தொட்டியிலிருந்து விரலால் நெருடிக்கொண்டே வந்தார். பம்பின் வாயில் கிளிப் போட்டிருந்த இடத்தில் ரப்பர் ஊறி, வேகவைத்த கிழங்குபோல் குழைந்திருந்தது. கிளிப் இறுக்கமாகத்தான் இருந்தது; இறுக்கிப் பிடிக்க உள்ளே உறுதியான ரப்பர்தான் இல்லை. கத்தியை எடுத்துக் குழைந்த முனையை நான்கு விரற்கடை அளவுக்கு வெட்டி எறிந்தார். மிச்சமிருந்த குழாய் எட்டும்படி தொட்டியை இன்ஜினுக்கு அருகே நகர்த்தி, புதிய முனையை மாட்டி, மறுபடி காற்றெடுத்தார். இரவு ஒன்பதரைக்குப் படகு கரையில் ஏறியது. அதுவரை எங்கள் அண்ணி மணலில் நின்ற நேரத்தை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் குழாய் வாங்கி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. பக்கத்து நகரத்துக் கடையொன்றில் டீசல் ஓஸ் என்று கேட்டு, டீசல் ஓஸின் விலை கொடுத்து வாங்கியது. மறுநாள் வெட்டிய குழாயை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒரே ரப்பர்தாங்க" என்றார்.

எல்லாம் ஒரே ரப்பர் அன்று. இயற்கை ரப்பர் நீருக்குத் தாங்கும். எண்ணெயில் போட்டால் அதைக் குடித்துக் குடித்து ஊதிப் பெருத்துக் குழைந்துபோகும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயோ எதிர்வழியில் கெடும். அதை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மானத்தை எரிபொருள் மெல்லக் கரைத்து வெளியேற்றிவிட, குழாய் விறைத்துப்போய் ஒருநாள் வெடிக்கும். எண்ணெய்க்கென்று செய்யப்படுவது நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர். நல்ல குழாயில் உள்ளடுக்கு, நூற்பின்னல், மேலடுக்கு என்று மூன்று இருக்கும். எதற்கான குழாய், எந்தத் தரம் என்பது அதன் முதுகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். படகு இன்ஜின்களுக்கென்றே ஐஎஸ்ஓ 7840 என்றொரு தரம் உண்டு. அத்தரம் பெற்ற குழாய் நெருப்புக்கு நடுவே இரண்டரை நிமிடம் தாக்குப்பிடித்தாக வேண்டும். நடுக்கடலில் தீப்பற்றினால் தப்பி ஓட இடமில்லை, அணைக்கத்தான் வேண்டும். அதற்கான அவகாசம் அந்த இரண்டரை நிமிடம். எதுவும் அச்சிடப்படாத கருப்புக் குழாயை அன்றிலிருந்து நாங்கள் வாங்குவதில்லை. எழுத்தறிவு உயிர் காக்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதை வகுப்பிலும் சொல்வதுண்டு.

அண்ணன் குழாயைச் சோதிக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தொட்டியில் தொடங்கி, டீசல் போகும் திசையிலேயே கையும் போகும். முதலில் தொட்டி மூடியிலுள்ள மூச்சுத்துளை. அது உப்பாலோ அழுக்காலோ அடைபட்டால், டீசல் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்று வராது. குழாயில் குற்றமே இல்லாமல் இன்ஜின் நிற்கும். அடுத்துக் குழாயை ஒவ்வொரு சாணாக வளைத்துப் பார்ப்பார். நேராகக் கிடக்கும்போது ஒளிந்திருக்கும் முடிவிரிசல்கள் வளைவில் வாய் திறக்கும். பிறகு அழுத்திப் பார்ப்பார். நல்ல குழாய் அமுங்கி, விட்டவுடன் நிமிரும். குழைந்தால் ஊறியது, அமுங்க மறுத்தால் முதிர்ந்தது. இரண்டும் கழிக்கத்தக்கவை. அதன்பின் கிளிப்புகள். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் கிளிப்பில் பல நேரம் பட்டை மட்டும்தான் அப்படி. திருகு சாதாரண இரும்பு. பட்டை பளபளக்க, திருகு உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கும். வேகமாக இறுக்கினால் பட்டை ரப்பரையே அறுத்துவிடும். கடைசியாக, குழாய் எதன்மேலாவது உரசுகிறதா என்று பார்ப்பார். இன்ஜின் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதிர்கிறது. அதிர்வில் உரசும் எதுவும் காலப்போக்கில் அரமாக மாறும்.

உரசலின் வல்லமைக்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 24 அன்று கனடாவின் டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்ட ஏர் டிரான்சாட் 236 விமானம், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் எரிபொருளை முற்றாக இழந்தது. சில நாள்களுக்கு முன் வலப்பக்க இன்ஜின் மாற்றப்பட்டிருந்தது. அதில் பொருத்திய ஓர் உதிரிப்பாகம் அந்த இன்ஜினின் மற்ற அமைப்போடு ஒத்துப்போகாத பழைய வகை. அதனால் எரிபொருள் குழாயும் அருகிலிருந்த ஹைட்ராலிக் குழாயும் ஒன்றையொன்று தொட்டு உரசின. உரசிய இடத்தில் எரிபொருள் குழாய் பிளந்தது. இரண்டு இன்ஜின்களும் அணைந்தபின், 306 பேரைச் சுமந்த அந்த விமானம் ஏறத்தாழ 19 நிமிடம் வெறும் சிறகுகளால் மிதந்து அசோர்ஸ் தீவுகளில் தரையிறங்கியது. அனைவரும் பிழைத்தனர். இச்செய்தியைச் சொன்னபோது அண்ணன் விமானியை வியக்கவில்லை. "ரெண்டு குழாய்க்கு நடுவுல ஒரு விரல் எடம் விட்ருக்கணும்" என்றார்.

வடிகட்டிக்கு முன்னுள்ள கிண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலைவிட நீர் கனமானது. ஆகவே கிண்ணத்தின் அடியில் நீரும் கசடும் தங்கும், மேலே தெளிந்த டீசல் போகும். அடியில் ஒரு திருகு. அதைத் திறந்து, தங்கியதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு நினைவுக்கு வருவது பாண்டிய நாட்டு ஏரிகளின் குமிழித்தூம்பு. ஏரிக்குள்ளேயே கற்றூண்கள் நட்டு அமைத்த மதகு அது. அதில் மேலே இருக்கும் துளை நீரோடி. அடியில் இருப்பது சேறோடி. ஒன்று தெளிந்த நீரை வயலுக்கு விடும், மற்றொன்று வண்டலை வெளியேற்றி ஏரியைத் தூர்ந்துபோகாமல் காக்கும். கல்வெட்டுகளில் 'குமிழி' என்றே இது குறிக்கப்படுகிறது. நீரையும் சேற்றையும் தனித்தனி வழியில் அனுப்பத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, டீசல் கிண்ணத்தை விளக்க அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்றொரு குழுவையே குறிப்பிடுகின்றன. அக்கல்வெட்டுகளை நாம் இன்று குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்கிறோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கேட்பதில்லை. ஏரியைப் பேணுவதும் அப்பணிகளில் ஒன்று.

கரையேறி வண்டிகளுக்கு வருவோம். தம்பியிடம் இருப்பது பதினாறு ஆண்டுப் பழைய இருசக்கர வண்டி. அதில் பெட்ரோல் தொட்டி மேலே, கார்புரேட்டர் கீழே, தானாக இறங்கும். இங்கே காற்றுப் பிடிப்பதைவிடக் கசிவுதான் பெரிய இடர். டீசல் போலன்றிப் பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தாழ்ந்து தேங்கும். வீட்டுக்குள் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் செய்யத்தக்கது கதவைத் திறப்பது. மின்விளக்கைப் போடுவது அன்று.

இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2022இல் 10 சதவீதத்தை எட்டியது. 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் அந்த ஈரம் மிகுந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். குழாய் தொடங்குவதும் அடியில்தான். பழைய வகை ரப்பர் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டதன்று. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று 2025இல் பெட்ரோலிய அமைச்சகமே தன் விளக்கத்தில் குறிப்பிட்டது. மாற்றுவது எளிது, செலவும் சிறிது. ஆனால் அது நாமாகப் போய்க் கேட்க வேண்டிய வேலை. வண்டி நிற்கும்வரை பட்டறைக்காரர் குழாயைத் தொடமாட்டார். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை; தொட்டிக்குள்ளிருக்கும் பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. அழுத்தத்தை இறக்காமல் அக்குழாயைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். டீசல் இன்ஜினின் உயரழுத்தக் குழாயோ அதைவிடக் கொடியது. மயிரிழைக் கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். விரலையே இழக்க நேரலாம். ஓர் அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

பழுது பார்ப்பவரைப் பற்றி நம் இலக்கியம் பேசியது குறைவு. கலம் கடலோடுவதும், காற்று பாயை நிறைப்பதும், புயலில் சிதைவதும் நிறையவே பாடப்பட்டுள்ளன. சிதையாமல் வைத்திருந்தவர் பாடப்படுவதில்லை. அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் சொல்ல எதுவும் நடப்பதில்லை. பதிற்றுப்பத்தில் அரிசில்கிழாரின் பாடலொன்று இதற்கு விலக்கு. போரில் புண்பட்ட யானைகளின் துயரைத் தீர்க்கும் சேர அரசனுக்கு அவர் கண்ட உவமை, பெருங்கடலைக் கடந்து வந்த கலத்தைப் பழுது நீக்கி வலுப்படுத்தும் வணிகர். மரத்துக்குச் செய்வதை மருத்துவமாகப் பார்த்த அந்தக் கண் எங்களை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. 'மராமத்து' அரபியிலிருந்து வந்த சொல். 'பராமரிப்பு' அலுவலகக் கோப்பில் வாழும் சொல். நம்மிடம் 'பேணுதல்' இருக்கிறது. உடலைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம், நட்பைப் பேணுகிறோம். டீசல் குழாயைப் பேணுவதென்று எழுதினால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கும்படி ஆகிவிட்டதுதான் குறை.

2024இலிருந்து அண்ணன் கடலுக்குப் போவதில்லை. கண்ணில் புரை, அறுவை முடிந்தும் அந்தியொளியில் பார்வை தெளிவில்லை. மகன் படகை எடுக்கிறான். இருபத்திரண்டு வயது, நல்ல பிள்ளை, இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லுவான். "சத்தத்துலயே தெரிஞ்சிடும் சித்தப்பா. தெனமும் எதுக்குத் தடவிக்கிட்டு?" என்கிறான். சத்தம் மாறும்போது காற்று ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று நாங்கள் இருவரும் பல மாலைகள் பேசியிருக்கிறோம். அதட்டினால் தந்தைக்காகச் செய்வான். தந்தை இல்லாத நாளில் விட்டுவிடுவான். விரலில் இருக்கும் அறிவை வாயால் மாற்றித் தருவது கடினம். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக நாம் காணும் சிக்கலும் அதுவே.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இக்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைமுகத்தில் அது பழுதுபார்க்கும் காலம். எங்கள் சிறு படகுக்குத் தடை இல்லையென்றாலும், அந்த வழக்கத்தை ஒட்டி ஆண்டுக்கொரு முறை குழாய் முழுவதையும் மாற்றிவிடுகிறோம். இந்த ஆண்டு அண்ணன் பழைய குழாயைத் தூக்கி எறியவில்லை. அதை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, புதிய குழாயின் துண்டொன்றையும் கலந்து, மகனின் கண்ணைக் கட்டச் சொல்லி அவன் கையில் கொடுத்தார். எது புதியது, எது இன்னும் ஓராண்டு தாங்கும், எது இன்றே கழிக்க வேண்டியது என்று விரலால் சொல்ல வேண்டும். முதல் முறை ஐந்தில் இரண்டைச் சரியாகச் சொன்னான். எங்கள் தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. இப்போது ஐந்தையும் சொல்கிறான். தெருப் பிள்ளைகளில் இருவரும் சொல்கிறார்கள்.

நல்ல குழாய் ஒரு மீட்டரின் விலை, ஒரு நாள் டீசல் செலவில் சிறு பங்குகூட ஆகாது. இரண்டு கிளிப்பும் ஒரு திருப்புளியும் சேர்த்து அதை ஒரு பையில் கட்டி, படகின் முன்னறையில் குடிநீருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். குடிநீரைச் சரிபார்க்காமல் யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்தப் பையும் அவ்வாறே பார்க்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம்.